ஆறாவது வரியில் ஒரு பரண்

1. படிகம் வளர்ந்தது. உலையில் நாற்பத்தொரு நாள்.
2. வெட்டி, மெருகேற்றி, எதிரெதிர் முகங்கள் இரண்டிலும் தங்கம் பூசியது.
3. சூடாக்கி, மின்புலத்தில் வைத்து, மெல்லக் குளிரவிட்டது.
4. நியூட்ரான் கற்றையில் முதல் அளவீடு.
5. மூன்று வருட ஓய்வு. ஆய்வகத்து அலமாரி, இருபத்திரண்டு டிகிரி. சூடாக்கவில்லை, மின்னழுத்தம் கொடுக்கவில்லை.
6. பொங்கல் விடுமுறை. கொல்லிமலை, என் வீடு. அடுப்புக்கு மேலே பரணில் மூன்று நாள்.
7. நியூட்ரான் கற்றையில் இரண்டாம் அளவீடு. பயன்படாது.

ஆய்வேட்டின் பின்னிணைப்பில் ஒவ்வொரு மாதிரிக்கும் இப்படி ஒரு வரலாறு எழுத வேண்டும். எங்கே வளர்ந்தது, யார் வெட்டினார்கள், எவ்வளவு சூடு கண்டது, எதற்குப் பிறகு எது. இந்த ஏழு வரிகளையும், நியூட்ரான் கற்றை தரும் அணு உலைக்குப் பக்கத்தில் இருக்கும் விருந்தினர் விடுதியில் உட்கார்ந்து தட்டச்சு செய்தேன். ஆறாவது வரியை நிறுத்தாமல் எழுதினேன். அதில் எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை. தை மாதத்திலிருந்து சித்திரை வரை அந்த வரி அப்படியே இருந்தது.

என் படிகம் ரிலாக்ஸர் என்ற வகையைச் சேர்ந்தது. ஈயம், மெக்னீசியம், நியோபியம், டைட்டானியம் எல்லாம் கலந்த ஆக்ஸைடு. பார்க்க லேசாக மஞ்சளித்த கற்கண்டுத் துண்டு மாதிரி இருக்கும். வெளியிலிருந்து எல்லாம் ஒழுங்கு. உள்ளே சில நானோமீட்டர் அகலத்தில் திட்டுத் திட்டாக அணுக்கள் தம் இடத்தைவிட்டு ஒரு பக்கமாக ஒதுங்கியிருக்கும். ஒரு திட்டில் கிழக்கே என்றால் பக்கத்துத் திட்டில் வடக்கே. எக்ஸ்ரே பெரும்பாலும் தோலோடு நின்றுவிடும். நியூட்ரான் கல்லுக்குள் புகுந்து மறுபக்கம் வெளியே வரும். அப்படிச் சிதறி வருகிறவற்றைத் திசை திசையாக எண்ணினால் நடுவில் ஒரு பளிச்சென்ற புள்ளியும், அதைச் சுற்றி வண்ணத்துப்பூச்சி இறக்கை விரித்தது போல ஒரு மங்கலும் கிடைக்கும். புள்ளி ஒழுங்கைச் சொல்லும். இறக்கைகள் திட்டுகளைச் சொல்லும்.

மின்புலத்தில் வைத்துக் குளிரவிட்டால் ஓர் இறக்கை பிரகாசமாகும், மற்றது மங்கும். புலத்தை எடுத்த பிறகும் அது அப்படியே நிற்கும். எவ்வளவு காலம் நிற்கும் என்பதுதான் என் கேள்வி. அதற்கு விடை காண ஒரே வழிதான் உண்டு. முதல் நாள் ஒரு தடவை அளந்துவிட்டு, படிகத்தை யாரும் தொந்தரவு செய்யாமல் சும்மா வைத்திருந்து, வருடங்கள் கழித்து மறுபடி அளக்க வேண்டும். நடுவில் எழுபது டிகிரியை ஒட்டிச் சூடு பட்டால் எல்லாத் திட்டுகளும் கலைந்துவிடும். திரும்ப மின்புலம் கொடுத்து ஒழுங்காக்கிவிடலாம், அது பெரிய வேலையில்லை. ஆனால் அப்போது அதன் வயது மறுபடி பூஜ்யம்.

இதை ஒருமுறை அப்பாவிடம் சொன்னேன். அப்பா மிளகுக் கொடி படரும் அண்டைமரத்தின் கிளைகளைக் கழித்துக்கொண்டிருந்தார்.

“அப்ப மூணு வருசம் அந்தக் கல்லு சும்மா கெடக்கோணும். அதுக்கு உனக்கு மாசாமாசம் சம்பளம்.”

“சம்பளம் இல்லப்பா, உதவித்தொகை.”

“அதைத்தான் நானும் பண்றேன், சும்மா கெடக்கறேன். எனக்கு யாரும் தர மாட்டேங்கறாங்களே.”

அம்மா சிரிக்கவில்லை. அம்மாவுக்கு என் வேலை கேலிக்குரியதல்ல. மிளகு பறிக்க வருகிற பெண்கள் இரண்டு பேர் உண்டு, பக்கத்து ஊர்க்காரர்கள், அக்கா தங்கை. “உங்க புள்ள சென்னையில கல்லு ஒடைக்குதாமா?” என்று அவர்கள் அம்மாவைச் சீண்டுவார்கள். அம்மா நிமிராமலே பதில் சொல்வாள்: “ஒடைக்கறதில்ல. ஒடைக்காம உள்ளாற பாக்கறது.” எங்கள் துறையைப் பற்றி நான் கேட்ட விளக்கங்களில் அதைவிடச் சுருக்கமானது இல்லை. கருத்தரங்குகளில் என் முதல் படத்தின் கீழே அதைப் போட நினைத்திருந்தேன்.

நான் ஊருக்கு வந்தால் என் பையைத் திறப்பது அம்மாதான். நான் கால் கழுவி வருவதற்குள் திறந்துவிடுவாள். துணிகளை எடுத்து மோந்து பார்ப்பாள். பழைய பஸ் டிக்கெட், மாத்திரை அட்டை, பாதி தின்ற பிஸ்கட் பொட்டலம் என்று ஒவ்வொன்றாகத் தரையில் பரப்புவாள். ஒவ்வொன்றுக்கும் ஒரு விசாரணை நடக்கும்.

“ஏங்கண்ணு, இந்தச் சுடிதாரை நீ தொவைக்கறியா, இல்ல ஒணத்தி மட்டும் போட்டுக்கறியா?”

“தொவைச்சதும்மா.”

“தண்ணிக்குத் தெரியுமா அது?”

“இந்த மாத்திரை எதுக்கு?” என்று அடுத்த கேள்வி வரும். தலைவலிக்கு என்றால் கண்ணைப் பார்ப்பாள். பெரிய பெண் ஆன பிறகும், விடுதியில் அறைத்தோழிகள் தொட்டால் முகம் சுளிக்கிற நான், அம்மா என் பையைக் குடைவதை ஒருபோதும் தடுத்ததில்லை. தடுக்கலாம் என்றே எனக்குத் தோன்றியதில்லை.

இரண்டாம் அளவீட்டுக்கு அணு உலையில் எனக்குக் கிடைத்த நாட்கள் பொங்கலை அடுத்து வந்தன. விடுமுறையில் ஆய்வகத்தில் மின்சாரப் பராமரிப்பு, குளிர்சாதனம் ஓடாது என்று அறிவிப்பு ஒட்டியிருந்தார்கள். என் ஆய்வு வழிகாட்டி சொன்னார்: “உங்க ஊருக்கே கொண்டு போயிடு. மலை, குளிர். அங்கிருந்து நேரா ரயில் ஏறு.” நியாயமாகப் பட்டது. கிளம்புவதற்கு முன் வழக்கமான சோதனை செய்தேன். படிகத்தை ஒரு சிறு அளவியில் மெதுவாக அமுக்கினால் எவ்வளவு மின்னூட்டம் தருகிறது என்று பார்ப்பது; திட்டுகள் கலைந்திருந்தால் ஒன்றும் வராது. மூன்று வருடமாக ஒவ்வொரு மாதமும் முதல் திங்கட்கிழமை செய்த சோதனைதான். எண் சரியாக இருந்தது. படிகத்தை அலுமினியத் தாளில் சுற்றி, பஞ்சு வைத்து, எவர்சில்வர் டப்பாவில் போட்டு மூடினேன்.

சேலத்தில் ரயிலிறங்கி, சேந்தமங்கலத்தில் மலை பஸ் ஏறினேன். பண்டிகைக் கூட்டம். கரும்புக் கட்டுக்கும் ஒரு மிக்ஸி பெட்டிக்கும் நடுவில் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றேன். டிரைவர் திரும்பிப் பார்த்தார்.

“ஏனுங்க அம்மணி, கொழந்தையா வெச்சிருக்கீங்க உள்ள? இப்படிக் குடுங்க. எழுவது வளைவும் ரெண்டு கையில கம்பியப் புடிச்சாத்தான் நிக்க முடியும்.”

பையை வாங்கித் தன் பக்கத்தில், இஞ்சின் மூடியின் மேல் விரித்திருந்த ரெக்ஸின் மெத்தையில் வைத்துக்கொண்டார். நல்ல மனிதர். வளைவு திரும்பும்போதெல்லாம் ஒரு கையால் பையைப் பிடித்துக்கொண்டார். எழுபது வளைவும் நான் அதிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. சரியவில்லை, விழவில்லை, யாரும் மிதிக்கவில்லை.

வீட்டில், அம்மா பையைத் திறப்பதற்கு முன் நானே டப்பாவை எடுத்து அவள் கையில் கொடுத்தேன். அதைப் பற்றி அவளுக்கு ஏற்கனவே தெரியும். “அதா கண்ணு இது?” என்று இரண்டு கையாலும் வாங்கினாள். நான் விரல் விட்டுச் சொன்னேன்: கீழே விழக் கூடாது. ஈரம் படக் கூடாது. யாரும் திறக்கக் கூடாது. எலி, எறும்பு எட்டக் கூடாது.

நான்கு விரல். சூடு என்று ஐந்தாவது விரலை நான் மடக்கவில்லை. பகலிலும் போர்வை போர்த்திக்கொண்டு உட்காரும் தை மாதத்தில், பனி வாசல் வரை வந்து நிற்கிற வீட்டில், சூட்டைப் பற்றி எனக்கு நினைவே வரவில்லை.

அணு உலைக்குக் கிளம்பும் காலையில் டப்பாவைக் கேட்டேன். அப்பாவும் மிளகு பறிக்க வந்த அக்கா தங்கையும் கூடத்தில் கடுங்காப்பி குடித்துக்கொண்டிருந்தார்கள். அம்மா சமையற்கட்டுக்குள் போய், முக்காலி மேல் ஏறி, அடுப்புக்கு மேலே இருக்கும் பரணிலிருந்து டப்பாவை எடுத்தாள். சாமை விதை, அவரை விதை, ராகிக் கதிர் எல்லாம் அங்கேதான் இருக்கும். புகை படும், வண்டு வராது, ஈரம் ஏறாது.

“பஞ்சு வேற வெச்சிருக்கறே, இந்தப் பனிக்கு அது தண்ணி இழுக்குமே. அதான் வெதையோட வெச்சேன்.” அவள் முகத்தில் ஒரு வேலையைச் சரியாகச் செய்த நிறைவு இருந்தது.

கீழே மூன்று கல் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. பொங்கலுக்கு மூன்று நாளும் அது அணையவில்லை.

“மூணு வருஷம்மா,” என்றேன். “மூணு வருஷம் காப்பாத்தினதை மூணு நாளா அடுப்புல வெச்சிருக்கே.”

“அடுப்புல இல்ல சாமி, மேல...”

“படிக்காதவங்க கையில குடுத்தது என் தப்பு.”

நான் கத்தவில்லை. கத்தியிருந்தால் கோபம் என்று விட்டிருப்பாளோ என்னவோ. கணக்கில் ஒரு பிழையைச் சுட்டுகிற குரலில், மெதுவாக, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன். அக்கா தங்கை இருவரும் தம்ளரைப் பார்த்தார்கள். அப்பா, “ஏ, விடு,” என்றார். யாரிடம் என்று தெரியவில்லை.

அம்மா டப்பாவின் மேல் படிந்திருந்த கரியைச் சேலை முந்தியால் துடைத்தாள். மூடி, அடி, சுற்றிலும், நிதானமாக. பிறகு அதை என் கையில் தரவில்லை. எனக்கு முன்னால் தரையில் வைத்தாள்.

இறங்கும்போது பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. டப்பா மடியிலேயே இருந்தது.

அணு உலைக்குப் போய்ச் சேர்ந்ததும் முதல் வேலையாக அளவியில் வைத்து அமுக்கினேன். பூஜ்யத்துக்கு ஒரு முடி அளவு மேலே. படிகத்தைத் திருப்பி வைத்து மறுபடி பார்த்தேன். அதே எண். ஆனாலும் கொடுத்த நாட்களை வீணாக்க முடியாது, கற்றையில் ஏற்றினேன். திரையில் படம் கொஞ்சம் கொஞ்சமாக நிறைந்தது. நடுவில் புள்ளி. சுற்றி இறக்கைகள். எல்லா இறக்கையும் ஒரே பிரகாசம். அழகான, சமச்சீரான வண்ணத்துப்பூச்சி. புதிதாய் உலையிலிருந்து எடுத்த, எதையும் பார்த்திராத படிகம் தருகிற படம் அது.

அன்று மாலை அம்மா கூப்பிட்டாள். எப்போதும் “சாப்பிட்டியா” என்றுதான் தொடங்குவாள்.

“நல்லாயிருக்குதா கண்ணு அது?”

“இல்லம்மா. கலைஞ்சு போச்சு.”

மறுமுனையில் கோழி கத்துவது கேட்டது. “எதுவும் பண்ண முடியாதா?” என்றாள்.

“முடியாதும்மா.”

“சரி சாமி,” என்று வைத்துவிட்டாள். இல்லை, என் ஆத்திரத்தில் நான்தான் முதலில் வைத்தேன். இதையும் சரியாக எழுத வேண்டும்.

பின்னிணைப்பைப் படித்த என் வழிகாட்டி கோபப்படவில்லை. ஆறாவது வரியில் பென்சிலால் ஒரு வட்டம் போட்டார். “பரண் என்ன டிகிரி? எண் இல்லாம ஒரு வரி இருக்கக் கூடாது.” அவர் சொன்னது சரி. சித்திரையில் ஊருக்குக் கிளம்பும்போது ஆய்வகத்திலிருந்து ஒரு வெப்பப் பதிவி எடுத்துக்கொண்டேன். சட்டைப் பொத்தானைவிடக் கொஞ்சம் பெரியது, நிமிடத்துக்கு ஒரு தடவை தானே குறித்துக்கொள்ளும். வேலை செய்கிறதா என்று பார்க்கச் சென்னையிலேயே ஓடவிட்டு, பையின் பக்கப் பையில் போட்டேன். மலை பஸ்ஸில் மறுபடி கூட்டம். டிரைவர் வேறு ஆள். அவரும் கேட்காமலே பையை வாங்கி இஞ்சின் மேல் வைத்துக்கொண்டார். எங்கள் வழியில் பெண்கள் நின்றால் டிரைவர்கள் செய்கிற மரியாதை அது.

வீட்டில் பரணில் விதைகளுக்கு நடுவே பதிவியை வைத்தேன். மூன்று நாள் அடுப்பு அணையாமல் பார்த்துக்கொள்ளச் சொன்னேன். அம்மா ஏன் என்று கேட்கவில்லை. விறகு தள்ளினாள். சமைக்க எதுவும் இல்லாத நேரத்தில் வெறும் தண்ணீரைக் கொதிக்கவைத்தாள். தன் மேல் சொல்லப்பட்ட குற்றத்துக்குச் சாட்சியைத் தானே சமைத்துக்கொடுக்கிற மாதிரி, முந்தியால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, அடுப்பு முன்னாலேயே இருந்தாள்.

நான்காம் நாள் பதிவியை மடிக்கணினியில் செருகினேன். கோடு வரைந்து வந்தது. பரணில் மூன்று நாளும் ஏறி இறங்கியிருந்தது. நாற்பத்து நான்கைத் தாண்டவில்லை. அந்தச் சூட்டில் என் படிகத்துக்கு ஒன்றும் ஆகாது. விதைக்கே ஒன்றும் ஆகாத சூடு. ஆகாது என்று தெரிந்துதானே காலகாலமாய் அங்கே வைக்கிறார்கள்.

கோட்டின் இடது ஓரத்தில் ஒரு சிகரம் இருந்தது. முதலில் பழுது என்று நினைத்தேன். நேரத்தைப் பார்த்தேன். சேந்தமங்கலத்தில் பஸ் கிளம்பிய நேரத்தில் ஏறத் தொடங்கி, வளைவுகள் முழுவதும் ஏறி, மலைமேல் செம்மேட்டில் இறங்கிய நிமிடத்தில் உச்சம். எழுபத்தெட்டு.

முதல் கியரிலும் இரண்டாம் கியரிலும் இஞ்சின் முனகிக்கொண்டே ஏறிய அவ்வளவு நேரமும், என் பை அதன் மேல் இருந்தது. நான் கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டு இருந்தேன்.

அம்மா வாசலில் மிளகு புடைத்துக்கொண்டிருந்தாள். போய் உட்கார்ந்தேன். மடிக்கணினியைக் காட்டி, எது பரண், எது பஸ் என்று விரல் வைத்துச் சொன்னேன்.

“அப்ப அடுப்பு இல்லியா?”

“இல்லம்மா. நான்தான். பஸ்ஸுல, இஞ்சின் மேல. உன்கிட்ட வர்றதுக்கு முன்னயே போயிடுச்சு.”

அம்மா முறத்தை ஒரு தட்டுத் தட்டினாள். தூசி பறந்தது.

“நல்ல வேளை,” என்றாள். “வெதைக்கு ஏதாச்சும் ஆயிருக்குமோன்னு அப்பலேர்ந்து ஒரு பயம். அந்த வெதையத்தான் வெதைக்கப் போறோம்.”

“அம்மா, அன்னைக்கு நான் சொன்னது...”

“சரி கண்ணு. உடு. நீ என்ன வேணும்னேவா சொன்னே?”

அவ்வளவுதான். அவள் முகத்தில் மனத்தாங்கல் எதுவும் தெரியவில்லை. அதைத் தேடித்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அழுதால், ரெண்டு வார்த்தை திட்டினால், பதிலுக்கு நானும் அழுதிருக்கலாம்.

அந்த அக்கா தங்கையைத் தேடிப் போனேன். அன்றைக்கு அவர்கள் முன்னால் சொன்னதை அவர்கள் முன்னாலேயே திருத்த வேண்டும் என்று ஒரு கணக்கு. “என் தப்புதாங்க, அம்மா மேல தப்பில்லை,” என்றேன்.

தங்கைக்காரிக்கு நினைவில்லை. “எந்தக் கல்லு அம்மணி?” என்றாள்.

மூத்தவளுக்கு நினைவிருந்தது. “அன்னைக்கு நீ போனதுக்கப்புறம் உங்கம்மா அந்தக் கெழக்கோரத்துக் கொடி பூரா ஒத்தையாப் பறிச்சுது. ஏணிக்குக்கூட எங்களைப் புடிக்க விடல.”

வீட்டுக்குத் திரும்பியபோது அம்மா கூட்டிக்கொண்டிருந்தாள். மூலையில் என் பை இருந்தது, நான்கு நாள் முன்பு நான் வைத்த இடத்திலேயே. விளக்குமாற்றால் அதைச் சுற்றிக் கூட்டினாள். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

“இதை நகத்தலாமா கண்ணு?”

“ஏம்மா கேக்கறே? நகத்து.”

“இல்ல, உள்ள ஏதாவது இருக்கும்.”

“துணிதாம்மா இருக்கு. வெறும் துணி.”

“நீயே நகத்திடு சாமி,” என்று ஒதுங்கி நின்றாள்.

அடுத்த முறை வந்தபோது பையின் ஜிப்பை வேண்டுமென்றே திறந்து வைத்தேன். அழுக்குச் சுடிதாரை மேலே தெரியும்படி வைத்தேன். கால் கழுவி வந்து பார்த்தேன். அப்படியே இருந்தது. மறுநாள் காலையில் பனி இறங்கியதால் மேலே ஒரு காய்ந்த சாக்கு போட்டிருந்தாள். பையில் கை படாதபடி, ஓரங்களில் தொங்கவிட்டு.

ஆறாவது வரியைத் திருத்திவிட்டேன். “மலைப் பாதைப் பேருந்து, இஞ்சின் மூடியின் மேல், உச்சம் ஏறத்தாழ எழுபத்தெட்டு டிகிரி; கவனக்குறைவு ஆய்வாளருடையது” என்று இப்போது இருக்கிறது. பரண் அந்த வரியில் இல்லை. ஆய்வேட்டை முதல் அளவீட்டோடு மட்டும் சமர்ப்பித்தேன். ஏற்றுக்கொண்டார்கள். அதே படிகத்துக்கு மறுபடி மின்புலம் கொடுத்து அலமாரியில் வைத்திருக்கிறேன். ஒரு வருடமும் இரண்டு மாதமும் ஆகிறது. அம்மா தினமும் கூப்பிடுகிறாள், சாப்பிட்டாயா என்று கேட்கிறாள், நன்றாகப் பேசுகிறாள். ஊருக்குப் போனால் எனக்குக் காப்பியைக் கையில் தருவதில்லை, முன்னால் வைக்கிறாள். என் பையைத் திறப்பதில்லை. என் துணியை நானே எடுத்துத் துவைத்துக்கொள்கிறேன்.